மூச்சைப் பிடிக்கச் சொன்ன இயந்திரம்

தாமிரபரணிக் கரையில் குரு கோமதியம்மையின் ஆசிரமம் இருந்தது. அங்கே வந்து சேர்ந்த சீடர்களில் மாசானம் மட்டும் குருவைவிட மூத்தவர், முன்பு லாரி ஓட்டியவர். அதனால் குரு அவரை அண்ணாச்சி என்று அழைப்பார். அவர் குருவை அம்மா என்பார்.

ஸ்டியரிங்கைப் பிடித்த காலமெல்லாம் மாசானத்தின் வாயில் பீடி இருந்தது. ஆசிரமத்துக்கு வந்த பிறகுதான் விட்டார். அம்மை சொல்லிக் கொடுத்த மூச்சுப் பயிற்சியை ஒருநாளும் தவறவிட்டதில்லை. தன் நெஞ்சு இப்போது கழுவி வைத்த சொம்பு மாதிரி இருப்பதாக வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொள்வார்.

ஒருநாள் தரிசனத்துக்கு வந்த டாக்டர் ஒருவர் பேச்சோடு பேச்சாக ஒன்று சொன்னார். ரொம்பக் காலம் புகைத்தவர்கள் இருமல் வரும்வரை காத்திருக்கக் கூடாது, நெஞ்சை சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட வேண்டும், எக்ஸ்ரேக்குத் தப்புகிற சின்னக் கட்டியும் அதில் தெரிந்துவிடும் என்றார். அம்மை மாசானத்தைப் பார்த்தார். மாசானம் வேப்பமரத்தைப் பார்த்தார்.

அதன்பின் அந்தப் பேச்சை எடுத்தாலே அவருக்குத் தோட்டத்தில் வேலை வந்துவிடும். இருமல் இல்லை, சளி இல்லை, சும்மா கிடக்கிற நெஞ்சைக் கிளறுவானேன் என்பார். கடைசியில் பிரம்மாஸ்திரத்தை எடுத்தார்.

"ஒங்க ஆசி இருக்கப்போ மிஷின் எதுக்கும்மா?"

"என் ஆசிக்கு உள்ள போய்ப் பாக்கத் தெரியாது அண்ணாச்சி."

மறுநாள் சந்தைக்குப் போக மாசானம் ஆசிரமத்து வேனை எடுத்தார். கிளம்பும் முன் இரும்புக் கம்பியால் ஒவ்வொரு டயரையும் தட்டி, காற்று இறங்கியிருக்கிறதா என்று சத்தம் கேட்டார். லாரி ஓட்டிய காலத்துப் பழக்கம், இன்னும் விடவில்லை. அம்மை பக்கத்தில் வந்து நின்றார்.

"நேத்து நல்லாத்தானே ஓடுச்சு. ஏன் தட்டுதீங்க?"

"ஓடும்போது தெரியாதும்மா. பாக்கவும் நல்லாத்தான் இருக்கும். தட்டுனாத்தான் தெரியும்."

சொல்லி முடித்ததும் கம்பி அப்படியே அவர் கையில் நின்றது. அம்மை வேனில் ஏறி முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டார். அன்று வேன் சந்தைக்குப் போகவில்லை.

ஆஸ்பத்திரியில் மாசானத்தை ஸ்கேன் அறைக்குள் கூட்டிப் போனார்கள். அம்மை கதவுக்கு வெளியே உட்கார்ந்தார். பெரிய வளையத்துக்குள் படுக்கை நகர்ந்தது. மூச்சை இழுத்துப் பிடிக்கும்படி இயந்திரம் சொன்னது, பிறகு விடச் சொன்னது. வெளியே வந்த மாசானம், நீங்கள் சொல்லித் தந்ததைத்தான் அதுவும் சொல்கிறது, என்ன, கொஞ்சம் அதட்டுகிறது என்று சிரித்தார். அம்மை சிரிக்கவில்லை.

வலது நுரையீரலில் சுண்டைக்காய் அளவுக்கு ஒரு கட்டி இருந்தது. ஊசி செலுத்தித் துளி சதை எடுத்துச் சோதித்தார்கள். புற்றுநோய் என்று வந்தது.

பரவியிருக்கிறதா என்று தெரியும்வரை மாசானத்துக்குச் சோறு இறங்கவில்லை. அம்மை வழக்கம்போல விடியலில் தியானத்தில் உட்கார்ந்தார், பூசணிக்கொடிக்குத் தண்ணீர் ஊற்றினார். அவர் முகம் கொஞ்சமும் மாறாதது மாசானத்துக்கு உள்ளுக்குள் வருத்தமாகக்கூட இருந்தது.

மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டர் எல்லாப் படங்களையும் காட்டினார். வேறெங்கும் பரவவில்லை, இந்த அளவில் கண்டுபிடித்ததால் ஆபரேஷன் செய்து முழுவதும் எடுத்துவிடலாம் என்றார்.

இருவரும் வேனுக்குத் திரும்பினார்கள். மாசானம் டயரைத் தட்டக் கம்பியை எடுத்தார். கண் நிறைந்துவிட்டது.

"எனக்கு இத்தனை நாளும் உசுரே இல்லம்மா. ஒங்களுக்குப் பயமே வராதா? அந்தப் பக்குவத்தை எனக்கும் சொல்லித் தாங்களேன்."

அம்மை கம்பியை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"அன்னைக்கு மூச்சைப் பிடிங்கன்னு மிஷின் சொன்னது வெளிய கேட்டுச்சு அண்ணாச்சி. நானும் பிடிச்சேன்."

"பெறவு?"

"விடச் சொன்னது எனக்குக் கேக்கலை. இப்பத்தான் விடுதேன்."