பதினேழு டக் டக்

அவிநாசி ரோட்டில் இருந்த அந்தக் கார் சர்வீஸ் சென்டரில் தெய்வானையை எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். டீ மாஸ்டர், டெய்லர் மாஸ்டர் மாதிரி வாய்ப்பழக்கத்தில் வந்த பேர் இல்லை. கார் கம்பெனியே பரீட்சை வைத்துக் கொடுத்த பட்டம் அது, மாஸ்டர் டெக்னீசியன். கோயமுத்தூரில் அந்தக் கம்பெனிக்கு அப்படி ஒருத்தர்தான் இருந்தார். வயது முப்பத்து நான்கு. பேச்சு குறைவு.

அவரிடம் வேலை படிக்க வந்த சென்னியப்பனுக்கு வயது ஐம்பத்திரண்டு. கோபியில் இருபது வருஷம் ஸ்கூட்டர் விற்றவர். எதிரில் இருப்பவர் வாயைத் திறப்பதற்குள் அவர் சொல்ல வந்ததை இவரே சொல்லி முடித்துவிடுவார். ஸ்கூட்டர் விற்க அது நல்ல குணம். இங்கே அவருக்குக் கிடைத்த வேலை வேறு. வருகிற வண்டிக்கு என்ன கோளாறு என்று கேட்டு ஜாப் கார்டில் எழுத வேண்டும். ஆறு மாதம் மாஸ்டரோடு இருந்து கற்றுக்கொள்ளுங்கள் என்று முதலாளி அனுப்பியிருந்தார்.

அந்த வருஷம் கம்பெனி ஒரு புது வேக வண்டியை இறக்கியது. ஆக்ஸிலேட்டரில் காலை வைத்தால் நாலரை வினாடியில் நூறு கிலோமீட்டர் வேகம். ஊரில் வசதியானவர்கள் போட்டி போட்டுக்கொண்டு வாங்கினார்கள். வாங்கிய மூன்று மாதத்துக்குள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். எஞ்சினில் ஏதோ சத்தம் வருகிறதாம்.

கம்பெனி சும்மா இருக்கவில்லை. புகார் அனுப்புவதற்கென்று கம்ப்யூட்டரில் ஒரு பட்டியல் கொடுத்தது. அதில் சத்தம் பதினெட்டு வகை, வகைக்கு ஒரு எண். டக் டக் என்றால் பதினான்கு. பதினான்கை அழுத்தி அனுப்பினால் கையில் இருக்கும் டீ ஆறுவதற்குள் பதில் வந்துவிடும். "தாங்கள் குறிப்பிட்ட ஒலி இவ்வாகனத்தின் இயல்பு. வாடிக்கையாளருக்கு விளக்கிக் கையொப்பம் பெறவும்."

சென்னியப்பன் விளக்கினார். அவர் விளக்கினால் யாரால் மறுக்க முடியும்? பதினேழு பேர் கையெழுத்துப் போட்டுவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனார்கள்.

பதினேழாவது காகிதத்தை ஃபைலில் வைத்த அன்று அவருக்கே ஒரு சந்தேகம் வந்தது. நல்ல மனுஷர், சந்தேகத்தை ஒளித்து வைக்கத் தெரியாது. ஃபைலைத் தூக்கிக்கொண்டு நேரே மாஸ்டரிடம் போனார்.

"மாஸ்டர், ஒண்ணு கேக்கோணும்."

"கேளுங்ணா."

"இயல்பான சத்தம் எது, இயல்பில்லாத சத்தம் எதுன்னு எப்படிங்க கண்டுபுடிக்கறது? கம்பெனி சொல்லீருச்சு, நானும் சொல்லிப்போட்டேன். நாளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா என்னங்க பண்றது?"

மாஸ்டர் ஃபைலை வாங்கிப் புரட்டினார். பதினேழு ஜாப் கார்டு. பதினேழிலும் ஒரே கையெழுத்து, ஒரே வரி. பதினான்கு, டக் டக்.

"பதினேழு பேர்கிட்டயும் கேளுங்ணா," என்று ஃபைலைத் திருப்பிக் கொடுத்தார்.

சென்னியப்பன் போனை எடுத்து உட்கார்ந்தார்.

"வணக்கங்க சார், சென்னியப்பன் பேசறனுங்க. நம்ம வண்டில அந்த டக் டக் சத்தம் இன்னும் கேக்குதுங்களா? காலைல ஸ்டார்ட் பண்றப்பத்தானுங்களே? கொஞ்ச நேரம் ஓடுனா நின்னுக்குதுங்களே?"

"ஆமாங்க."

"அதேதானுங்க. பயப்படாம ஓட்டுங்க."

மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் பதினேழு பேரும் முடிந்துவிட்டார்கள். தண்ணீர் குடித்துவிட்டு மாஸ்டரிடம் போனார்.

"கேட்டுட்டேன் மாஸ்டர். பதினேழு பேரும் ஒண்ணு போலத்தான் சொல்றாங்க. டக் டக்தான்."

"கேட்டீங்களா?"

"கேட்டேனுங்க."

"கேட்டீங்களாண்ணா?"

சென்னியப்பனுக்குச் சுருக்கென்றது. தன்னைவிடப் பதினெட்டு வயது சின்னவர், ஒரே கேள்வியை இரண்டு தரம் கேட்கிறார்.

"போன்ல வேணா பாத்துக்குங்க, பதினேழு காலும் இருக்குது," என்றார்.

மாஸ்டர் வேஸ்ட் பஞ்சில் கையைத் துடைத்துக்கொண்டார். வாங்க என்று ஒர்க் ஷாப்புக்குள் கூட்டிப் போனார். நடுவில் அதே ரக வண்டி ஒன்று நின்றது. பக்கத்து வண்டிக்கு ஒரு மெக்கானிக் டயர் கழற்றிக்கொண்டிருந்தார். மூலையில் கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருந்தது.

"பானெட் மேல காது வெச்சுப் பாருங்க. டக் டக்னு கேக்குதுங்களா?"

சென்னியப்பன் குனிந்து காதை வைத்தார். கண்ணை மூடினார். டயர்காரரைப் பார்த்துக் கொஞ்சம் இருங்க என்று கையைக்கூடக் காட்டினார்.

"கேக்குதுங்க மாஸ்டர். லேசாத்தான். ஆனா டக் டக்தான், சந்தேகமே இல்லை."

மாஸ்டர் பானெட்டைத் திறந்தார்.

உள்ளே எஞ்சின் இல்லை. வேறொரு வேலைக்காகக் காலையிலேயே அதை இறக்கியாகிவிட்டது. பின்னால் ஒரு ஸ்டாண்டில் அது உட்கார்ந்திருந்தது. எஞ்சின் இருக்க வேண்டிய இடத்தில் ஒர்க் ஷாப்பின் சிமென்ட் தரை தெரிந்தது.

டயர்காரர் சிரித்துவிட்டார். சென்னியப்பன் சிரிக்கவில்லை. அவமானமாகத்தான் இருந்தது. பானெட்டில் வைத்த காது சிவந்து கிடந்தது. மாஸ்டர் பானெட்டை மூடிவிட்டுத் தன் வேலைக்குப் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் சென்னியப்பன் மறுபடி முதல் ஆளிடமிருந்து தொடங்கினார். இந்தத் தடவை ஒரே கேள்வி.

"வண்டிச் சத்தம் எப்படிங்க கேக்குது?"

கேட்டுவிட்டு இடது கையால் தன் வாயைப் பொத்திக்கொண்டார். உண்மையாகவே பொத்திக்கொண்டார், வேறு வழி தெரியவில்லை. ரிசப்ஷனில் இருந்த பெண் அவருக்குப் பல்வலி என்று நினைத்து மாத்திரை வேண்டுமா என்று விசாரித்தாள்.

ஒரு டாக்டர், சுவர்க்கோழி கத்துகிற மாதிரி என்றார். ஒரு மில்காரர், கிட்டு கிட்டென்று தையல் மிஷின் ஓடுகிற மாதிரி என்றார். காலேஜ் நடத்துகிற அம்மாள் ஒருவர், எங்கள் வீட்டுப் பழைய ஃபேன் மாதிரி சடக் சடக் என்றார். இன்னொருவர் வாயால் சொல்லத் தெரியாமல் போனிலேயே மேஜையில் தட்டிக் காட்டினார். சென்னியப்பன் அவரவர் சொன்ன வார்த்தையை அப்படியே எழுதினார். அன்று பேசி முடித்த பத்துப் பேரில் ஒருவர்கூட டக் டக் என்று சொல்லவில்லை. அந்த வார்த்தை எங்கேயிருந்து வந்தது என்று அவருக்கு இப்போது தெரிந்துவிட்டது.

மறுநாள் சனிக்கிழமை. காலையில் பதினோராவது ஆளைக் கூப்பிட்டார். நவநீதன், திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருப்பவர். பின்னால் பாட்டு அலறிக்கொண்டிருந்தது.

"சத்தமா? இப்பல்லாம் நான் கேக்கறதில்லைங்க," என்றார் நவநீதன்.

'பாத்தீங்களா, தானா நின்னுபோச்சுங்களே' என்று சென்னியப்பனுக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. வாயைப் பொத்திய கையை எடுக்கவில்லை.

"நீங்கதான் இயல்புன்னு கையெழுத்து வாங்கிட்டீங்களே, அப்பறம் எதுக்குக் கேட்டுட்டு இருக்கறது? பாட்டைச் சத்தமா வெச்சுக்கறனுங்க."

கை வாயிலேயே இருந்தது.

"முன்னாடி ஏதோ லேசா வந்துட்டு இருந்துச்சு. இப்ப ரெண்டு வாரமா நறநறன்னு வருதுங்க. சூடானாலும் நிக்கறதில்லை. யாரோ பல்லைக் கடிக்கற மாதிரி இருக்குதுன்னு வீட்லகூடச் சொன்னாங்க."

சென்னியப்பன் கையை எடுத்தார்.

"சார், இப்ப எங்கீங்க இருக்கறீங்க?"

"ஆழியாறு செக்போஸ்ட்லீங்க. வால்பாறை போறோம். வீட்ல, பொண்ணுங்க ரெண்டு பேரு, எல்லாரும் இருக்கறாங்க. முன்னாடி நாலு வண்டி நிக்குது, அது போனதும் ஏற வேண்டியதுதான்."

அங்கிருந்து வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவு.

"ஏறாதீங்க சார்."

"ஏனுங்க? நார்மல்னு நீங்கதானுங்களே எழுதிக் குடுத்தீங்க? அந்தப் பேப்பர் வண்டிலயேதான் இருக்குது."

இருபது வருஷம் பேசிப் பிழைத்தவர் வாயில் அந்த நேரத்தில் உண்மைதான் வந்தது.

"அன்னிக்கு நீங்க சொன்னதை நான் கேக்கவே இல்லீங்க சார். நானா எழுதிப்போட்டேன்."

அந்தப் பக்கம் பாட்டு நின்றது. அப்போதுதான் போன் வழியாகவே சென்னியப்பனுக்கு அது கேட்டது. நறநற.

"எஞ்சினை ஆஃப் பண்ணிருங்க சார். ஓரமாத் தள்ளி நிறுத்துங்க. நானே வர்றேன்."

வண்டி தூக்கும் லாரியை முன்னால் அனுப்பிவிட்டு, குடும்பத்தை ஏற்றிக்கொண்டு வர வேறொரு காரில் அவரே போனார். நவநீதன் செக்போஸ்டில் வைத்து, பெண்டு பிள்ளைகள் முன்னால், அரை மணி நேரம் அவரைத் திட்டினார். சென்னியப்பன் நடுவில் ஒரு வார்த்தை பேசாமல் முழுக்கக் கேட்டுக்கொண்டார்.

திங்கட்கிழமை எஞ்சினைப் பிரித்தார்கள். எண்ணெய் பம்பை ஓட்டுகிற சங்கிலிக்குப் பக்கத்தில் அதைப் பிடித்துக்கொள்ள ஒரு பிளாஸ்டிக் கட்டை இருக்கும். அது உடைந்து தூளாகி எண்ணெயில் கிடந்தது. சங்கிலி தொளதொளவென்று தொங்கி இரும்பை அரைத்திருந்தது. மாஸ்டர் அதை விரலால் தூக்கிப் பார்த்தார்.

"பத்து வளைவு தாங்கியிருக்காதுங்ணா. பாதி மலையில எஞ்சின் அப்படியே ஜாம் ஆகி நின்னிருக்கும்."

அவ்வளவுதான் சொன்னார். சென்னியப்பன் வெளியே போய்க் குழாயடியில் முகம் கழுவினார். திரும்பி வரக் கொஞ்ச நேரம் ஆனது. வீட்டில் இறக்கிவிட்டபோது அந்த இரண்டு பெண்களும் அவருக்கு டாட்டா காட்டியது திரும்பத் திரும்ப ஞாபகம் வந்தது.

கம்பெனிக்குத் தகவல் அனுப்பப் பட்டியலைத் திறந்தார். பதினெட்டு வகையில் நறநற இல்லை. அவர் ஒரு வெள்ளைத் தாளில் அதைத் தமிழிலேயே பெரிதாக எழுதி, உடைந்த கட்டையின் படத்தோடு சேர்த்து அனுப்பினார். டீ ஆறியது, பதில் வரவில்லை. இரண்டு நாளும் வரவில்லை. மூன்றாம் நாள் வடக்கே தொழிற்சாலையிலிருந்து ஒரு எஞ்சினியரே போனில் வந்தார். அந்தத் தாளில் எழுதியிருக்கும் வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று விசாரித்தார். சென்னியப்பன் தனக்குத் தெரிந்த இங்கிலீஷில், பல்லைக் கடித்துப் பாருங்கள் என்றார். அந்தப் பக்கம் சிறிது நேரம் பேச்சில்லை. கடித்துப் பார்த்திருக்க வேண்டும். பிறகு மெல்ல, ஓ என்றார்.

அந்த வாரமே மீதிப் பதினாறு வண்டிகளையும் மாஸ்டர் ஒவ்வொன்றாக வரவழைத்தார். ஒரு ராத்திரி நிறுத்தி வைத்து, மறுநாள் காலை எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்தார்கள். சென்னியப்பன் ஒவ்வொரு வண்டி முன்னாலும் குத்துக்கால் போட்டு உட்கார்ந்தார். முதல் வேலையாக பானெட்டைத் திறந்து எஞ்சின் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். சுவர்க்கோழி, தையல் மிஷின், பழைய ஃபேன், எல்லாம் கேட்டது. நறநற எதிலும் இல்லை.

அடுத்த வாரம் கம்பெனியின் பதில் வந்தது. பட்டியலில் பத்தொன்பதாவதாக ஒரு வகை சேர்த்திருந்தார்கள். நவநீதன் வண்டிக்குப் புது எஞ்சின் வருகிறது என்று எழுதியிருந்தார்கள். அடியில் ஒரு வரி. "ஏனைய பதினாறு வாகனங்களின் ஒலி இயல்பே. கையொப்பம் பெற்றுப் புகாரை முடிக்கவும்."

சென்னியப்பனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பதினாறு காகிதமும் அச்சடித்து எடுத்துக்கொண்டு மாஸ்டரிடம் ஓடினார்.

"இந்தத் தடவை தைரியமாக் குடுக்கலாமுங்க மாஸ்டர். பதினாறு வண்டியையும் நாமளே ஸ்டார்ட் பண்ணிக் கேட்டிருக்கறோம். எனக்கு இப்பப் புரிஞ்சுபோச்சுங்க, எது இயல்பு, எது இயல்பில்லைன்னு."

மாஸ்டர் முதல் காகிதத்தை வாங்கிப் படித்தார்.

"எப்பங்ணா கேட்டோம்?"

"போன வாரமுங்க."

மாஸ்டர் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

"அது போன வாரத்துச் சத்தமுங்ணா. வண்டி இன்னிக்கும் ஓடீட்டு இருக்குது."