இருபது பந்தும் ஒரு குச்சியும்

இதை எனக்கு முதலில் சொன்னது எஸ்தர் அக்கா. போன தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, சிலுவைப்பாதை முடிந்து கோயில் வாசலில் இருவரும் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது சொன்னார். அக்காவின் வீட்டுக்காரர் தேவசகாயம் அண்ணனுக்கு நடந்தது.

“மாஸ்டர், என் எண்ணை மாத்திக் கொடுங்க. அது பொய்.”

அவர் இப்படித்தான் ஆரம்பித்தாராம்.

தேவசகாயம் அண்ணன் நீலகிரியில் தேயிலைக் கம்பெனி ஒன்றில் டீ ருசி பார்த்துத் தரம் சொல்லும் வேலையில் இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகு கோல்ஃப் கற்றுக்கொண்டார். கற்றுக்கொடுத்தவர் போஜன் மாஸ்டர். இவரைவிடப் பத்து வயது சின்னவர். அதிகம் பேசமாட்டார்.

அந்த ஆட்டத்தில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டாம். ஹேண்டிகேப் என்பார்கள். கைதேர்ந்தவர் எழுபது தடவை அடித்து எல்லாக் குழியிலும் பந்தைப் போட்டு முடித்துவிடுவார். அதற்கு மேல் நமக்கு எத்தனை அடி சலுகை என்பதுதான் அந்த எண். அண்ணனுடைய எண் பதினாறு. எண்பத்தாறு அடிக்குள் முடித்தால் தன் எண்ணுக்கு ஆடிவிட்டார் என்று பொருள்.

“இப்ப எத்தனையிலே முடிக்கிறீங்க?” என்று மாஸ்டர் கேட்டார்.

“போன வாரம் தொண்ணூத்திரண்டு. அதுக்கு முந்தி தொண்ணூறு. அதுக்கும் முந்தி நடந்ததைச் சொல்லவே வெட்கமா இருக்கு.”

“எண்பத்தாறு வந்ததே இல்லையா?”

“எப்பவாவது வரும். அது அதிர்ஷ்டம்.”

“சரி. என்னன்னு மாத்தணும்?”

“இருபத்தொண்ணு.”

மாஸ்டர் சிரித்துவிட்டார். “சலுகையைக் கூட்டிக் கொடுன்னு கேட்கிறீங்க. ஏமாத்துறவன் வந்து கேட்கிறதும் இதையேதான் சார்.”

அண்ணனின் முகம் சுருங்கிப்போனது.

“மாஸ்டர், நான் காலமெல்லாம் டீ ருசி பார்த்தவன். முதல்லே ஒரு கைப்பிடி மாதிரிதான் வரும். அதைக் குடிச்சுப் பார்த்துத் தரம் சொல்லுவேன். அப்புறம் மூட்டை வரும். மாதிரி ஒண்ணு, மூட்டை ஒண்ணுன்னு இருந்தா அதுக்குப் பேரு மோசடி. லாரியோட திருப்பி அனுப்பியிருக்கேன். இப்ப என் எண்தான் மாதிரி. என் ஆட்டம்தான் மூட்டை. ரெண்டும் ஒத்துப்போகலையே.”

அண்ணன் அதோடு விடவில்லை.

“சனிக்கிழமை ஜோடி ஆட்டம். சிக்கந்தர் என் எண்ணை நம்பித்தான் கூட ஆட வர்றான். வருஷம் பூரா இதுக்குக் காத்திருக்கான். அவன் மானத்தை நான் வாங்கணுமா? வேற ஆளைப் பார்த்துக்கோன்னு சொல்லிட்டேன். அதிலேருந்து ஃபோனையே எடுக்கமாட்டேங்கிறான்.”

சிக்கந்தர் பாய் பஜாரில் பேக்கரி வைத்திருப்பவர். அண்ணனுக்கு இந்த மலையில் கிடைத்த முதல் சிநேகிதர், இருக்கிற ஒரே சிநேகிதரும் அவர்தான்.

“அந்த வாரம் எங்க வீட்டைப் பார்த்திருக்கணும் நீ,” என்றார் எஸ்தர் அக்கா. “எந்தக் குழம்பு வச்சாலும் தட்டைப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருப்பார். ஒரு பந்தைக் குழியிலே தள்ளுறதுக்கா இவ்வளவு துக்கம்னு கேட்டேன். ‘உனக்குப் புரியாது எஸ்தர், பேரும் போச்சு, சிக்கந்தரும் போயிட்டான்’னு சொல்லிட்டுக் கண்ணைத் துடைக்கிறார். நான் மாதா படத்துக்கு முன்னாலே போய் நின்னேன். என்ன கேட்கிறதுன்னே தெரியலை. நல்லா அடிக்கணும்னு கேட்கிறதா, இந்த ஆட்டமே வேண்டாம்னு கேட்கிறதா?”

மாஸ்டர் ஒரு வாளியைக் கொண்டுவந்து வைத்தார். உள்ளே இருபது பந்து இருந்தது.

“அடிங்க.”

“எங்கே?”

“நேரா. எவ்வளவு தூரம் போகுதோ அவ்வளவு தூரம்.”

அடித்தார். ஒன்று பறந்தது. ஒன்று தவளை மாதிரி தத்தியது. ஒன்று பக்கத்துக் கற்பூர மரத்தில் பட்டுத் திரும்பி மாஸ்டரின் காலடிக்கே வந்து சேர்ந்தது.

“இவருக்கு நம்மளை விட்டுப் போக மனசில்லை,” என்றார் மாஸ்டர்.

வாளி காலியானது.

“ரொம்ப தூரம் போன எட்டுப் பந்தை மட்டும் பாருங்க. அந்த எட்டுக்கும் நடுவிலே இந்தக் குச்சியைக் குத்திட்டு வாங்க.”

அண்ணன் போய்க் குத்திவிட்டு மூச்சு வாங்கத் திரும்பி வந்தார்.

“குச்சியைத் தாண்டி எத்தனை கிடக்கு?”

“நாலு.”

“குச்சிக்கு இந்தப் பக்கம்?”

“மிச்சம் பூரா.”

“அந்தக் குச்சிதான் சார் உங்க எண்.”

அண்ணன் விழித்தார்.

“கடைசியா ஆடின இருபது ஆட்டத்தை எடுப்பாங்க. அதிலே நல்ல எட்டை மட்டும் வச்சுச் சராசரி பார்ப்பாங்க. அப்படித்தான் எண் வருது.”

“மத்தப் பன்னிரண்டு?”

“கணக்கிலே சேர்க்கிறதில்லை.”

“அதுவும் நான் ஆடினதுதானே?”

“ஆமா.”

“அப்ப ஏன் சேர்க்கிறதில்லை?”

மாஸ்டர் மேகத்தைப் பார்த்தார். “மழை வருது. பந்தைப் பொறுக்கிடலாம், வாங்க.”

பொறுக்கினார்கள். கிட்டே கிடந்தது, தூரத்தில் கிடந்தது எல்லாம் ஒரே வாளிக்குள் போனது. அண்ணன் குச்சியண்டை வந்ததும் நின்றுவிட்டார்.

“மாஸ்டர், அப்ப இந்த இடத்துக்கு நானே அஞ்சு தடவையிலே ஒரு தடவைதான் வருவேனா?”

“ஏறக்குறைய.”

“சிக்கந்தர்?”

“அவரும்தான்.”

“நீங்க?”

மாஸ்டர் வாளியைக் கீழே வைத்தார். மட்டையை எடுத்தார். மைதானத்தின் அந்தக் கோடியில் பனியில் பாதி மறைந்து நின்ற ஒரு மரத்தைக் காட்டினார்.

“என் குச்சி அது.”

அடித்தார். என்ன அழகான அடி என்கிறீர்கள்! பந்து மேலே ஏறி, மிதந்து, மரத்துக்கு வெகு முன்னாலேயே விழுந்து நின்றுவிட்டது.

“இன்னைக்கு வரலை,” என்றார் மாஸ்டர், பஸ் வரவில்லை என்று சொல்வதுபோல. மட்டையைத் துடைத்துப் பையில் போட்டார்.

அண்ணன் அப்படியே ஈரப் புல்லில் உட்கார்ந்தார். அவருக்குச் சிரிப்பு வந்தது. மழை பிடித்துக்கொண்ட பிறகும் நிற்கவில்லையாம்.

“எண்ணை மாத்தணுமா சார்?”

“இருந்துட்டுப் போகட்டும் மாஸ்டர்.”

தொப்பலாக நனைந்து வீட்டுக்கு வந்து, “எஸ்தர், சோறு இருக்கா?” என்று கேட்டாராம். தலையைத் துவட்டக்கூட விடாமல் அக்கா தட்டை வைத்தார். இரண்டாம் முறையும் போட்டுக்கொண்டார். கையைக் கழுவினார். குடையை எடுத்துக்கொண்டு பேக்கரிக்குப் போனார்.

சிக்கந்தர் பாய் தட்டில் மொறுமொறு வர்க்கி ரொட்டியை அடுக்கிக்கொண்டிருந்தார். நிமிரவே இல்லை.

“கால் கிலோவா, அரைக் கிலோவா?”

“நான்தான்டா.”

“யாரா இருந்தாலும் விலை ஒண்ணுதான்.”

“சனிக்கிழமை நான் வர்றேன்.”

“வேற ஆளைப் பார்க்கச் சொன்ன பெரிய மனுஷன் எங்கே போனாரு?”

“பார்த்திட்டியா?”

“உன்மேலே கோபப்படவே நேரம் சரியா இருந்துச்சு. ஆளைத் தேட எங்கே நேரம்?”

அண்ணன் குடையை மடக்கினார்.

“சிக்கந்தர், இப்பவே சொல்லிடறேன். என் எண்ணுக்கு நான் அஞ்சிலே ஒரு நாள்தான் ஆடுவேன். அது சனிக்கிழமைதான்னு என்னாலே சொல்ல முடியாது. அன்னைக்கு நான் ஒண்ணுத்துக்கும் உதவாமப் போனா என்ன பண்ணுவே?”

சிக்கந்தர் பாய் அப்போதுதான் நிமிர்ந்தார். சூடான ஒரு வர்க்கியை எடுத்து அண்ணன் கையில் திணித்தார்.

“பின்னே எதுக்குடா ரெண்டு பேரைச் சேர்ந்து ஆடச் சொல்றாங்க?”

சிக்கந்தர் பாய்க்கு இந்த மாதக் கடைசியில் கண் ஆபரேஷன் வைத்திருக்கிறார்கள். உங்கள் செபத்தில் அவரையும் ஒரு வார்த்தை சேர்த்துக்கொள்ளுங்கள்.