தொட்டில் வரை போன ஆணை

முன்னொரு காலத்தில், கண்மணிகளே, கடலையே கண்டிராத ஒரு நாடு இருந்தது. அந்த நாட்டு ராஜாவின் தகப்பனார் வணிகர்களைச் சபையில் ஆசனம் போட்டு உட்கார வைத்தவர். மகனோ, பொருளாசை பாவம், வியாபாரம் இழிவு என்று யாரோ சொல்லக் கேட்டு மனம் மாறிவிட்டார்.

"வணிகர் கொண்டுவந்த பொருள் ஒன்றுகூட மாலைக்குள் என் அரண்மனையில் இருக்கக் கூடாது. வணிகர்களும் நாட்டைவிட்டுப் போகட்டும்!" என்றார்.

சபையைச் சிரிக்க வைக்கும் விகடன் அம்பலவனைக் கண்டாலே அமைச்சர் பூவராகருக்கு வயிறு எரியும். "பிரபு, இதை அம்பலவனிடமே ஒப்படையுங்கள். அவனும் பொதிமாட்டுக்காரன் மகன்தானே! ஒரு பொருள் மிஞ்சினாலும் அவனையும் சேர்த்து அனுப்பிவிடலாம்" என்றார். ராஜாவும் சரி என்றார்.

அம்பலவன் கோட்டைக்கு வெளியே போனான். மழைத் தூறலில், பொதிமாடுகளுக்கு நடுவே, எட்டு நாள் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் வணிகப் பெண் நாகம்மை.

"மலைப்பாதையில வெள்ளம் ஓடுதாம் அண்ணே. பச்சப் புள்ளையோட எப்படிப் போவேன்?"

"பொதியைக் கட்டாதே தாயி. சாயங்காலம் வரைக்கும் பொறு."

அரண்மனைக்குத் திரும்பியவன் அடுக்களையில் உப்பை எடுத்தான். பூஜையறையில் கர்ப்பூரத்தை எடுத்தான். நேரே சபைக்கு வந்து பூவராகர் முன் நின்றான்.

"உடுத்தியிருப்பது சீனப் பட்டு. கழற்றுங்கள், ஐயா."

"அடே, சபையிலா?"

"பொழுது சாய்கிறதே!"

ராஜா தலையசைத்தார். அமைச்சர் கோவணத்தோடு தூணுக்குப் பின்னால் ஒதுங்கினார்.

பிறகு அம்பலவன் தொட்டில் அறைக்குப் போனான். இளவரசனுக்கு வயிற்று வலி. மருத்துவச்சி கல்லில் ஜாதிக்காய் உரைத்துக்கொண்டிருந்தாள். அவன் தொட்டிலை ஒருமுறை எட்டிப் பார்த்தான், கண்மணிகளே. ஆனாலும் எடுத்துக்கொண்டான்.

ராணி அழும் குழந்தையோடு சபைக்கே வந்துவிட்டாள்.

"இதையுமா எடுத்தாய்?" என்று கேட்டார் ராஜா.

"ஒன்றுகூட என்றீர்களே, பிரபு. இது கடல் தாண்டி, நாகம்மையின் மாட்டு முதுகில் மலையேறி வந்தது."

"நம் காட்டில் பறித்து வா!"

"நம் காட்டில் இது காய்ப்பதில்லை, பிரபு. கோட்டை வாசலில் இன்னொரு பச்சைக் குழந்தையும் அழுகிறது. அதைத்தான் இந்த மழையில் அனுப்பச் சொன்னீர்கள்."

ராஜா எழுந்து வந்து ஜாதிக்காயை வாங்கினார். தானே உரைத்து, மகன் நாக்கில் தடவினார். அழுகை மெல்ல அடங்கியது.

"ஆணை ரத்து. யாரும் போக வேண்டாம்" என்றார்.

"அப்படியானால் என் பட்டு?" என்று தூணுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. ராஜா சிரித்த சிரிப்பில் கண்ணீரே வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, தன் பல்லக்கையே அம்பலவனுக்குப் பரிசளித்தார்.

அந்தப் பல்லக்கில் நாகம்மை குழந்தையோடு கோட்டைக்குள் வந்தாள். அம்பலவன் அவளுடைய மாடுகளை ஓட்டிக்கொண்டு, நனைந்தபடி பின்னால் நடந்து வந்தான்.