பள்ளத்தில் கிடந்த குதிரை

“மூடச் சொல்லிக் கையெழுத்துப் போடட்டுமா, வேண்டாமா அம்மா?”

கால்நடை மருத்துவர் குணபாலன் ஏணியைப் பிடித்துக்கொண்டு கேட்டார். மேட்டு மடத்துத் துறவி தவமணி அம்மா, அதன் தகரக் கூரைமேல் உட்கார்ந்து, ஒழுகும் இடங்களில் தார் பூசிக்கொண்டிருந்தாள். அவருக்கு ஐம்பத்தாறு வயது. அவளுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. ஆனாலும் மனசு கலங்கினால் எட்டு வருஷமாக அவர் மேடேறி வருவது அவளிடம்தான்.

“எதை மூட?”

“குதிரை வெட்டுற கொட்டிலை. சுற்றுலா வர்றவங்களைச் சுமந்து ஓஞ்சுபோன குதிரைங்க கடைசியில அங்கதான் போகுது. தடை பண்ணலாமான்னு நகராட்சி என்கிட்ட கேட்டிருக்கு. வெள்ளிக்கிழமைக்குள்ள எழுதிக் கொடுக்கணும்.”

“எழுதுங்களேன்.”

“கொல்றது பாவம், மூடுங்கன்னு ஒரு கூட்டம் வீட்டுக்கு வருது. மூடினா கிழக்குதிரையை யார் வச்சுக் காப்பாத்துவா, ரோட்டுல விட்டுடுவாங்கன்னு இன்னொரு கூட்டம் வருது. ரெண்டு பேர் சொல்றதும் சரியாத்தான் படுது. நாலு நாளா சோறு இறங்கலை.”

“அந்தக் கொட்டிலுக்குள்ள நீங்க போயிருக்கீங்களா?”

அவர் முப்பது வருஷத்தில் ஒரு தடவைகூடப் போனதில்லை.

“பக்கத்து ஊர்ல மூடிட்டாங்களே, அங்க?”

“இல்லை.”

“ரெண்டையும் பார்த்துட்டு வாங்க. இருங்க, இருங்க. ஏணியை விட்டுடாதீங்க. நான் இறங்கிக்கறேன்.”

மூன்றாம் நாள் திரும்பி வந்தார். முகம் சுண்டிப் போயிருந்தது. தவமணி அம்மா விரலிடுக்கில் காய்ந்த தாரை மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“கொட்டில்ல வரிசையாக் கட்டியிருக்காங்கம்மா. முன்னால நிக்கிறதுக்கு நடக்கிறதைப் பின்னால நிக்கிறது பார்க்குது. காதை மடக்கிக்கிட்டு, தோலெல்லாம் நடுங்கி நிக்குது. என்னால நிக்க முடியலை. வெளியே வந்துட்டேன்.”

“பக்கத்து ஊர்ல?”

“தேயிலைத் தோட்டத்துக்குக் கீழே ஒரு பள்ளம். அதுல ஒரு பெட்டைக் குதிரை, கால் ஒடிஞ்சு மூணு நாளாக் கிடந்திருக்கு. தோட்டத்துப் பொம்பளைங்க தண்ணி ஊத்தியிருக்காங்க. அதுக்கு மேல அவங்களுக்கு ஒண்ணும் தெரியலை. நான் இறங்கிப் போய் ஊசி போட்டேன். மூச்சு நிக்கிற வரைக்கும் தலையை மடியில வச்சிருந்தேன்.”

அவள் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

“இப்ப சொல்லுங்க. எது பெரிய கொடுமை?”

“அது யார் குதிரை?”

“தெரியாது.”

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“தெரியும்,” என்றார் குணபாலன். “தோள்ல ஒரு தழும்பு இருந்துச்சு. நான் போட்ட தையல். நம்ம ஊர் போஜனோட குதிரை.”

“ம்.”

“போன மாசம் என்கிட்ட கொண்டுவந்தார். குளம்பு அழுகிப்போச்சு, இனிமே தேறாது, கொட்டிலுக்கு அனுப்ப மனசு வரலை, நீங்களே ஒரு ஊசி போட்டு அனுப்பிவச்சுடுங்க சார்னு அழுதார்.”

“நீங்க?”

“உயிரைக் காப்பாத்தத்தான் நான் டாக்டர், எடுக்கறதுக்கு இல்லைன்னேன்.”

“அதுக்கு அவர்?”

“ஒண்ணும் சொல்லலை. கயித்தைப் பிடிச்சுக்கிட்டுப் போயிட்டார்.”

“எங்க கூட்டிட்டுப் போறீங்கன்னு கேட்டீங்களா?”

“கேக்கலை.”

தவமணி அம்மா மண்ணெண்ணெய்ப் புட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். திரும்பி வரவில்லை.

குணபாலன் நேராகப் போஜன் வீட்டுக்குப் போனார். அவரைக் கண்டதும் போஜன் வெலவெலத்துப் போனார்.

“போலீஸ்ல சொல்லிட்டீங்களா சார்? அந்த ஊர்ல யாராவது இரக்கப்பட்டு வச்சுக்குவாங்கன்னு நினைச்சுத்தான் விட்டுட்டு வந்தேன்.”

“போலீஸ் இல்லை போஜன். அது பேர் என்ன?”

“கிளி.”

“கிளி செத்துப்போச்சு. கடைசியில நான் பக்கத்துல இருந்தேன்.”

போஜன் காலியாகக் கிடந்த லாயத்தைப் பார்த்தார். “ரொம்ப வலிச்சுதா?”

இந்தக் கேள்விக்கு எத்தனையோ பேரிடம் ‘இல்லை’ என்று சொல்லிப் பழகியவர் குணபாலன். அன்றைக்கு அந்தச் சொல் வரவில்லை.

“வலிச்சுது. மூணு நாள். நான் அன்னைக்கே ஊசி போட்டிருந்தா அந்த வலி இருந்திருக்காது.”

இருவரும் இருட்டும்வரை வைக்கோல்மேல் உட்கார்ந்திருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை எழுதிக் கொடுத்தார். கொட்டிலை மூடலாம். ஆனால் எந்தக் குதிரைக்காரர் கூப்பிட்டாலும் டாக்டர் அந்தக் குதிரை நிற்கும் லாயத்துக்கே போகவேண்டும். தேறுமென்றால் வைத்தியம். தேறாதென்றால், வளர்த்தவர் பக்கத்தில் நிற்க, அங்கேயே ஊசி. முதலில் நான் போகிறேன்.

இரண்டு கூட்டமும் அவரைத் திட்டியது. “கொலைகார டாக்டர்” என்றது ஒன்று. “மலை முழுக்கக் குதிரை, ஒத்தை டாக்டர் என்ன கிழிப்பார்?” என்றது மற்றொன்று.

ஒரு மாதம் கழித்து மறுபடி மடத்துக்கு வந்தார். தவமணி அம்மா கீரைப் பாத்திக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள்.

“பதினோரு இடத்துல கூப்பிட்டாங்கம்மா. நாலு குதிரை பிழைச்சுடுச்சு. ஆறுக்கு ஊசி போட்டேன்.”

“இன்னொண்ணு?”

“அதுக்கு ஒரு நோவும் இல்லை. ஏழு வயசு. தீனி போட முடியலை, ஊசி போட்டுடுங்கன்னாங்க. மாட்டேன்னேன். ஆனா அப்படியே திருப்பி அனுப்பவும் பயமா இருந்துச்சு. என் வீட்டுக் கொல்லையில கட்டியிருக்கேன். இப்படி இன்னும் எத்தனையைக் கட்டுவேன்?”

தண்ணீர் பாத்தியில் ஊறி இறங்கியது.

“ஒவ்வொரு தடவை ஊசியை எடுக்கும்போதும் பயமா இருக்கும்மா. அவசரப்பட்டுட்டோமோ, இன்னும் ரெண்டு நாள் பார்த்திருக்கலாமோன்னு தூக்கமே வர்றதில்லை. எழுதிக் கொடுத்தா இந்தப் பயம் போயிடும்னு நினைச்சேன். போகலை.”

“அந்தப் பயம் போனா சொல்லியனுப்புங்க,” என்றாள் தவமணி அம்மா. “குதிரைங்களுக்கு வேற டாக்டர் பார்க்கணும்.”