இருநூறு கண்ணாடியும் ஒரு நிரந்தர வேலையும்

தலையை மட்டும் ஆட்டிக்கொண்டு கேட்டால் போதாது. முடிவில் உங்கள் வாயால் ஒரு தீர்ப்புச் சொல்ல வேண்டும். நாள் கிழமையைக் கவனித்துக் கேளுங்கள்.

திருநெல்வேலிக்குத் தெற்கே ஒரு பொட்டலில், வெயிலைப் பிடித்து மின்சாரம் எடுக்கும் நிலையம் ஒன்று இருந்தது. இருநூறு கண்ணாடிகள் வெயிலை ஒரே கோபுரத்தின் உச்சிக்குத் திருப்பிவிடும். அந்தச் சூட்டில் உப்பு உருகிக் குழம்பாகும். மூடிய தொட்டியில் வைத்தால் இரண்டு நாளானாலும் குழம்பு ஆறாது. வேண்டும்போது அதன் சூட்டில் தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஆவியால் எந்திரத்தைச் சுழற்றினால் விளக்கு எரியும்.

அங்கே மூன்று பேர், மூவரும் தற்காலிகம். கண்ணாடி துடைப்பவள் இசக்கியம்மாள், திருப்புபவர் சுடலைமணி, எந்திரம் ஓட்டுபவர் தங்கப்பழம். விஜயதசமியன்று மேலதிகாரி வருவார், அன்று யார் உழைப்பால் விளக்கு எரிகிறதோ அவருக்கே நிரந்தர வேலை, மற்ற இருவரும் தீபாவளியோடு வீட்டுக்குப் போகலாம் என்று கடிதம் வந்தது. ஏழு வருடம் துடைத்த இசக்கியம்மாளுக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் நல்ல வெயில். சந்தனமும் பொரியும் வாங்கக் காலையில் டவுனுக்குப் போன ஆண்கள் இருவரும் பொழுது சாய்ந்துதான் திரும்பினார்கள். பொரி வாங்க ஒரு நாளா என்று என்னைக் கேட்காதீர்கள். இசக்கியம்மாளே துடைத்து, திருப்பி, தொட்டியை நிரப்பினாள். எந்திரம் ஓட்ட ஆளில்லாததால் சூடு அப்படியே கிடந்தது.

மறுநாள் பூஜை. ஆயுதத்தைத் தொடக்கூடாதே, எல்லாம் நின்றது. சுடலைமணிக்குப் பக்தி பொங்கி, இருநூறு கண்ணாடிக்கும் உள்ளங்கை அகலம் சந்தனம் அப்பிக் குங்குமம் வைத்தார்.

"அண்ணாச்சி, பொட்டைக் கண்ணாடியத் தாங்குற காலுல வைங்க. மூஞ்சில வச்சா வெயிலு எப்படிப் போவும்?" என்றாள் இசக்கியம்மாள்.

"அம்மனுக்குப் பொட்டு காலுலயா வைப்பாவ?" என்று கேட்டுவிட்டு அவர் மிச்சத்தையும் அப்பினார்.

விஜயதசமி விடிந்ததும் அவள் வாய்விட்டுத் திட்டிக்கொண்டே துடைக்க ஆரம்பித்தாள். பத்து மணிக்கு அதிகாரி வந்தபோது கண்ணாடிகள் பளபளத்தன. வானம்தான் காலையிலிருந்தே மூடிக் கிடந்தது. அவர் கிளம்பும்வரை பேருக்குக்கூட வெயில் இல்லை. ஆனாலும் தங்கப்பழம் ஆவியைத் திறக்க, விளக்கு ஜம்மென்று எரிந்தது.

தான் திறக்காவிட்டால் விளக்கேது என்றார் தங்கப்பழம். வெயிலே இல்லாமல் எரிந்தது பொட்டின் மகிமையன்றி வேறென்ன என்றார் சுடலைமணி. இசக்கியம்மாள் வீங்கிய கைகளை நீட்டினாள்.

"காலையிலேருந்து இருநூறையும் நாந்தாம்யா துடைச்சேன்."

இப்போது சொல்லுங்கள்: வேலை யாருக்குச் சேர வேண்டும்?

விடை: இசக்கியம்மாளுக்கு. ஆனால் அவள் சொன்ன காரணத்துக்காக அல்ல. வெயில் இல்லாத காலையில் துடைத்ததும் வீண், பொட்டு வைத்ததும் வீண். தங்கப்பழம் செய்தது வெந்த சோற்றை அகப்பையால் எடுத்துப் போட்ட வேலை. உலை வைத்தது பூஜைக்கு முதல் நாள். அன்று அங்கே இருந்தவள் அவள் ஒருத்திதான். அதிகாரி வருகைப் பதிவேட்டைப் புரட்டியதால் பிழைத்தாள். இல்லாவிட்டால் விளக்கை எரியவைத்த உழைப்பை மறந்து, வீணாய்ப்போன உழைப்பைச் சொல்லி, கைக்கு வந்த வேலையைத் தன் வாயாலேயே கெடுத்திருப்பாள்.