சந்தனம் பூசிய எஞ்சின்

விஜயதசமி காலை. மடத்துக் கிணற்றில் தண்ணீர் இறைக்கும் டீசல் எஞ்சின் கொஞ்ச நேரம் ஓடியது, முனகியது, நின்றுவிட்டது. சமையல்கட்டுத் தொட்டி பாதிகூட நிறையவில்லை. மதியம் சாப்பிட ஊரே வரும்.

தணிகாசலத்துக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. முதல்நாள் ஆயுத பூசையில் எஞ்சினுக்குச் சந்தனம் வைத்தவர் அவர்தான். வேறு யாராவது என்றால் நாலு பொட்டு வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். இவர் நன்றி மிகுந்த மனுஷன். இத்தனை பேர் சோற்றுக்குத் தண்ணீர் தருகிற எஞ்சின் ஆயிற்றே என்று, கிண்ணம் கிண்ணமாக அரைத்து அதை மெழுகியே விட்டார்.

அவருக்கு அறுபது வயது. மனைவி போன துக்கத்தில் குடித்துத் தெருவில் கிடந்தவரை எழுப்பிக் கூட்டிவந்தவர், இந்த மடத்தின் குரு மங்கையர்க்கரசி அம்மா. வயதில் இவரைவிடச் சின்னவர். இருந்தாலும் இவருக்கு அவர் அம்மாதான்.

சத்தம் நின்றதைக் கேட்டு அம்மா வந்தார். கையில் சூடான கஞ்சிச் சொம்பும் ஒரு தட்டும் இருந்தன.

“வாசனை தூக்குதே ஐயா. எஞ்சின் தியானத்துல உட்கார்ந்துடுச்சா?”

“கிண்டல் பண்ணாதீங்கம்மா. தொட்டா கொதிக்குது.”

அம்மா குனிந்து பார்த்தார். எஞ்சினின் மேல்பாகத்தைச் சுற்றி வரிசையாக நீட்டிக்கொண்டிருந்த இரும்புத் தகடுகளின் இடுக்கெல்லாம் சந்தனம் அடைத்துக் கருகியிருந்தது. சூடு கொஞ்சம் தணிந்ததும் ஒரு தென்னை ஈர்க்கை எடுத்துச் சுரண்ட ஆரம்பித்தார். தணிகாசலமும் ஒன்றை எடுத்துக்கொண்டார்.

“பொண்ணு நேத்தும் போன் பண்ணுச்சாமே?”

“பண்ணுச்சும்மா. குழந்தைக்கு உடம்பெல்லாம் வேர்க்குருவாம், ராத்திரி பூரா அழறானாம். இந்த வாரம் வேலைக்குத் திரும்பலன்னா வேலை போயிடுமாம். பார்த்துக்க ஆள் இல்ல, வாங்கப்பான்னு கூப்பிடுது.”

“என்ன சொன்னீங்க?”

“வரலன்னுட்டேன். பெத்த பொண்ணே மூஞ்சில முழிக்காதன்னு சொன்ன காலத்துல என்னைத் தூக்கிவிட்டது நீங்க. உங்களை விட்டுப் போனா நான் நன்றி கெட்டவன். கடைசிவரைக்கும் உங்க காலடியில கிடக்கறதுதான் முறை.”

அம்மா ஈர்க்கைக் கீழே வைத்தார். சொம்புக் கஞ்சியில் பாதியைத் தட்டில் ஊற்றினார்.

“எது முதல்ல ஆறும்?”

“தட்டுல இருக்கறது.”

“ரெண்டும் ஒரே கஞ்சிதானே?”

“தட்டுல பரவி நிக்குது. காத்து நிறைய படுதே.”

“இந்தத் தகடுங்களும் அதுக்குத்தான் நீட்டிக்கிட்டு இருக்கு. உள்ள இருக்கற சூட்டை வாங்கும், வாங்கினதைக் காத்துகிட்ட கொடுத்துடும்.”

தணிகாசலம் ஓர் இடுக்கில் விரலை விட்டுப் பார்த்தார். “அப்ப இந்தச் சந்து?”

“காத்து வந்து போற வழி.”

அவர் முகம் வாடிப்போனது. “நன்றின்னு நெனச்சுத்தாம்மா பூசினேன்.”

“எஞ்சினுக்கும் அது தெரிஞ்சிருக்கும். என்ன, மூச்சுவிட வழியில்லாம போச்சு.”

இருவரும் மீதியையும் சுரண்டி முடித்தார்கள். தட்டுக் கஞ்சியை ஆளுக்குக் கொஞ்சம் குடித்தார்கள். எஞ்சின் நன்றாக ஆறியபின் தணிகாசலம் கைப்பிடியைச் சுற்றினார். அது இருமிவிட்டு ஓட ஆரம்பித்தது. தண்ணீர் குபுகுபுவென்று தொட்டியில் விழுந்தது. தகடுகளின் முன்னால் கையை நீட்டினார். வெதுவெதுப்பான காற்று உள்ளங்கையில் பட்டது.

அப்படியே வெகுநேரம் நின்றார். கண் கலங்கிவிட்டது. ஈரத்தரை என்றும் பாராமல் அம்மாவின் காலில் விழுந்தார்.

“இன்னிக்கு சாயங்கால பஸ்ஸுக்கே பொண்ணு வீட்டுக்குக் கிளம்பறேன். ஆனா ஒண்ணு கேக்கணும். அவ்வளவு தூரத்துல இருந்துக்கிட்டு உங்களுக்கு நான் எப்படிம்மா நன்றி சொல்வேன்?”

அம்மா பூசை மாடத்திலிருந்த சந்தனக்கட்டையை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தார்.

“பேரன் முதுகுல பூசுங்க ஐயா. மெல்லிசா.”