முதல் வரிசை ஓணான்

இலுப்பைக் காட்டில் ஒரு கல்லூரி இருந்தது. கூரை கிடையாது, மணி கிடையாது, பாடம் மட்டும் உண்டு. கடைசி வருடப் பிள்ளைகளுக்கு உடம்பைப் பேணும் பாடம் நடத்தியது கொண்டையம்மாள் என்கிற மரங்கொத்தி. பட்டமரத்தில் டொக் டொக்கென்று கொத்திக்கொண்டே, எந்த மருந்தை எப்படிச் சாப்பிடுவது, யார் பேச்சை நம்பக்கூடாது என்றெல்லாம் மூச்சுவிடாமல் சொல்லும். கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்கும்: "புரிஞ்சுதா?"

எருமைக்கன்று அசை போட்டுக்கொண்டிருக்கும். புறா அரைத்தூக்கத்தில் இருக்கும். முதல் வரிசையில் செவத்தான் என்கிற ஓணான் மட்டும் தலையை மேலும் கீழும் ஆட்டும். கொண்டையம்மாளுக்கு மனசு குளிர்ந்துபோகும். இந்த ஒரு பிள்ளைக்காகவாவது தொண்டைத்தண்ணி வற்றக் கத்தலாம் என்று நினைத்துக்கொள்ளும்.

கொண்டையம்மாளுக்குக் கண்டாலே ஆகாதது கடைசி வரிசை முயல்தான். ஏன், எதற்கு, எத்தனை நாளைக்கு என்று நச்சரிக்கும். "செவத்தானைப் பாரு. மூணு வருஷத்துல ஒரு சந்தேகம் கேட்டிருக்கானா?" என்று ஒருநாள் எல்லார் முன்னாலும் அதை வாங்கு வாங்கென்று வாங்கியது. அன்றோடு முயலும் வாயை மூடிக்கொண்டது. வகுப்பு அமைதியாக நடக்கிறது என்று கொண்டையம்மாளுக்குப் பெருமை வேறு.

ஒரு சமயம் நாலு நாளாக முதல் வரிசை காலியாகக் கிடந்தது. தலையாட்ட ஆளில்லாமல் கொண்டையம்மாளுக்குப் பாடமே ஓடவில்லை. தேடிக்கொண்டு போனால், செவத்தான் வேலியடியில் மல்லாந்து கிடந்தது. வாயில் நுரை. ஒரு கால் வீங்கிப் புடைத்திருந்தது.

விட்டு விட்டுத்தான் பேச முடிந்தது அதற்கு. காலில் முள் ஏறியதாம். அணில் வைத்தியர் இரண்டு பொட்டலம் கொடுத்தாராம். ஒன்றில் பச்சிலை, இன்னொன்றில் சருகு. ஒன்றைப் புண்ணில் பூச வேண்டும், மற்றதை ஊறவைத்துக் குடிக்க வேண்டும். இது பூச வேண்டிய பச்சிலையைத் தின்றுவிட்டு, சருகைக் காலில் கட்டியிருக்கிறது.

"வைத்தியர் சொல்லலையா?"

"படபடன்னு சொன்னார், மேடம். புரிஞ்சுதான்னு கேட்டார். தலையாட்டினேன்."

"புரியாமலா ஆட்டினே?"

"நாங்க ஓணான், மேடம். எதிர்ல யார் நின்னாலும் தலை தானா ஆடும். உங்க வகுப்புலயும் அப்படித்தான்."

மூணு வருஷமுமா என்று கேட்டது கொண்டையம்மாள். மூணு வருஷமும்தான் என்றது ஓணான். கேட்க ஆசைதானாம். முயல் வாங்கிய திட்டைப் பார்த்த பிறகு தைரியம் வரவில்லையாம்.

கொண்டையம்மாள் அணிலிடம் பறந்தது. அங்கே ஒரே கூட்டம், முயலும் வரிசையில் நின்றது. நடந்ததைக் கேட்ட அணில் வாலை ஆட்டிக்கொண்டே முறிமருந்தைக் காலில் திணித்தது. எப்படிக் கொடுப்பது, எப்போது நிறுத்துவது என்று ஒரே மூச்சில் பொரிந்து தள்ளிவிட்டு, புரிஞ்சுதா என்று கேட்டது. கல்லூரியில் பாடம் நடத்துகிறவள் இத்தனை பேர் முன்னால் புரியவில்லை என்பதா? கொண்டையம்மாள் தலையை ஆட்டிவிட்டுக் கிளம்பியது.

பாதி வழியில் அதற்குச் சிறகு ஓடவில்லை. தின்ற பச்சிலையை வாந்தியெடுக்க வைப்பதற்கு முன்னால் மருந்தைக் கொடுப்பதா, பின்னால் கொடுப்பதா? ஒரு தரமா, மூன்று தரமா? ஒன்றுமே நினைவில் இல்லை. வேலியடியில் ஓர் உயிர் ஊசலாடிக்கொண்டிருக்கிறது. வெட்கத்தைப் பார்த்தால் பிள்ளை செத்துப்போகும் என்று திரும்பியது.

"வைத்தியரே, எனக்குப் புரியலை. மறுபடி சொல்லுங்க."

வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. முயல் காதை நிமிர்த்தியது. அணில் நிதானமாகச் சொன்னது. கொண்டையம்மாள் அதைத் தன் வாயால் திருப்பிச் சொல்லிக் காட்டியது. முதலில் மருந்து, பிறகு வாந்தி என்று சொன்னபோது அணில் பதறிப்போய், வாந்தி நின்ற பிறகுதான் மருந்து என்று திருத்தியது. அந்தத் திருத்தத்தால்தான் செவத்தான் பிழைத்தது.

பத்து நாள் கழித்து அது நொண்டி நொண்டி முதல் வரிசைக்கு வந்தது. கொண்டையம்மாள் பாடத்தை முடித்தது. புரிஞ்சுதா என்ற கேள்வி வாய் வரை வந்தது, விழுங்கிக்கொண்டது.

"செவத்தான், இப்ப நான் சொன்னதை உன் வீட்டுல போய் எப்படிச் சொல்லுவே?"

ஓணானின் தலை தானாக ஆடியது. கொண்டையம்மாள் காத்திருந்தது. தலை மெல்ல நின்றது.

"ரெண்டாவதா சொன்னது புரியலை, மேடம்."

திட்டு விழப்போகிறதென்று வகுப்பே ஒடுங்கி உட்கார்ந்தது. கொண்டையம்மாள் கொத்துவதை நிறுத்திவிட்டுக் கீழ்க்கிளைக்கு இறங்கி வந்து, முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தது. கடைசி வரிசையில் ஒரு நீளக் காது மெல்ல மேலே எழுந்தது.

புரியாமல் தலையாட்டுகிறவர் உயிருக்கு ஆபத்தைத் தேடிக்கொள்கிறார். கேட்கவே பயப்படும்படி சொல்லிக்கொடுப்பவருக்கும் அந்த ஆபத்தில் பங்கு உண்டு.